வேலு விட்டுப்போன சொல்

நாய் வாலை நிமிர்த்த முடியுமா என்று என்னிடம் கேட்காதவர்கள் கண்டியில் குறைவு. ரயிலடி, சந்தை, கோயில் வாசல் என்று எங்கே போனாலும் யாராவது ஒருவர் அதைக் கேட்டுவிட்டுத் தாமே சிரிப்பார். எனக்கு 'நாய் வாத்தியார்' என்று பட்டம் கட்டியதும் இந்த ஊர்தான். ஆரம்பத்தில் கோபம் வந்தது. பிறகு, வால் வளைந்திருப்பது நாயின் குற்றமல்ல, அதை நிமிர்த்தித் தரச் சொல்லி இதுவரை யாரும் நாயைக் கொண்டுவரவும் இல்லை என்று பதில் சொல்லப் பழகிக்கொண்டேன்.

போன கிழமை கால்நடை வைத்தியசாலையில் வேலை செய்யும் இரண்டு இளைஞர்கள் என்னைத் தேடி வந்தார்கள். கையில் ஒரு கழுத்துப்பட்டி. உள்பக்கம் முழுக்க முள். நாய் இழுத்தால் குத்துமாம், குத்தினால் அடங்குமாம். அதை என் மடியில் வைத்து, இதெல்லாம் இல்லாத காலத்தில் கடிக்கிற நாயை எப்படி ஐயா திருத்தினீர்கள் என்று கேட்டார்கள். நான் ஒரு நாயையும் திருத்தியதில்லை என்றேன். கிழவன் அடக்கமாகப் பேசுகிறான் என்று நினைத்துக்கொண்டார்கள். எனக்கு அடக்கம் என்றைக்கும் கிடையாது. நான் சொன்னது உண்மை. அது அவர்களுக்கு விளங்கட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

என் பெயர் சவரி. பன்வில தேயிலைத் தோட்டத்தில், கூலிகளின் லயத்தில் பிறந்தவன். கண்டிக்கு வந்தது புல் வெட்ட. வாவிக்கு மேலே, மலைச்சரிவில், ஒரு பறங்கிப் பெண்மணி நாய்ப் பள்ளிக்கூடம் ஒன்று நடத்தி வந்தார், எல்லாருக்கும் அவர் நோனா. அந்த வளவில் புல் வெட்டும் வேலை. முதல் இரண்டு வருஷத்தைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. கூடு கழுவினேன், சோறு காய்ச்சினேன், உண்ணி பிடுங்கினேன், கடி வாங்கினேன். ஒருநாள் யாருக்கும் கிட்டே போகாத ஒரு கறுப்பு நாய் என் மண்வெட்டிப் பிடியில் தாடையை வைத்துத் தூங்கிவிட்டது. நோனா அதைப் பார்த்துவிட்டார். மறுநாள் மண்வெட்டி வேறொருவன் கைக்குப் போனது.

நோனாவின் தகப்பனார் ஹேவாஹெட்டப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் டீமேக்கர், தேயிலை ஆலையைப் பார்த்துக்கொண்டவர். லயத்துப் பிள்ளைகளோடு விளையாடி வளர்ந்ததால் அவர் வாயில் வந்தது எங்கள் தமிழ், அதிலும் எங்கள் வசவு. ஆனால் நாயை அவர் ஏசி நான் கேட்டதில்லை. நாய்க்குச் சொந்தக்காரரை ஏசாத நாளும் இருந்ததில்லை. அடிக்கிற கைதான் அணைக்கும் என்று பழமொழி சொல்லிக்கொண்டு வந்த ஒரு பெரிய மனிதரிடம், "அப்ப நீங்க அணைக்கிறத மட்டும் செய்ங்க, அடிக்கிறதுக்கு வேற ஆளு வேணும்னா தேடிக்குங்க" என்றார். கையில் பிரம்பு இருந்திருந்தால் அந்த மனிதர் ஓங்கியிருப்பார், முகம் அப்படிச் சிவந்து போனது.

அந்தப் பிரம்புகளுக்காகவே வாசல் கேற்றடியில் ஒரு பீப்பாய் வைத்திருந்தார். வருகிறவர் யாரானாலும் கைத்தடி, குடை, சவுக்கு எல்லாவற்றையும் அதில் போட்டுவிட்டுத்தான் உள்ளே வரவேண்டும். தோட்டத்துத் துரைமார் முணுமுணுத்துக்கொண்டே போடுவார்கள். மாட்டேன் என்று நின்ற ஒருவரை நாயோடு திருப்பி அனுப்பிய கதையும் உண்டு.

புதிதாக வந்த நாயை முதல் நாள் யாரும் தொடக் கூடாது. அதன் கண்ணைப் பார்க்கக் கூடாது. பக்கவாட்டில் திரும்பித் தரையில் உட்கார்ந்து, மாசிக் கருவாட்டை மிளகளவாகக் கிள்ளி, கைக்கெட்டும் தூரத்துக்கும் அப்பால் போடவேண்டும். அது வந்து தின்னும். அடுத்த துண்டு இன்னும் கிட்டே விழும். அவசரப்பட்டுக் கையை நீட்டினால் அன்றைய வேலை கெட்டது, நாளைக்கு மறுபடியும் முதலிலிருந்து. நாய் நல்லதைச் செய்த அதே நொடியில் 'ஹரி' என்று சொல்லவேண்டும். சரி என்பதற்குச் சிங்களத்தில் உள்ள சொல் அது. மூன்று பாஷைக்காரர்களுக்கும் தெரிந்த சொல் என்பதால் நோனா அதை எடுத்துக்கொண்டார். சொல் முந்தக் கூடாது, பிந்தவும் கூடாது. உட்கார்ந்த நாய் எழுந்த பிறகு 'ஹரி' என்றால் எழுந்ததற்குத்தான் பாராட்டு என்று அது எடுத்துக்கொள்ளும். என் நாக்குக்கு அந்தச் சமயம் பிடிபட மாதக்கணக்கானது.

அதற்கும் முன்னால் நோனா கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "வீட்டுல என்ன பாஷை?" சிங்கள வீட்டு நாய்க்குத் தமிழில் உட்காரச் சொல்லிக் கொடுத்து என்ன பயன்? துரை சீமைக்குப் போகும்போது கங்காணியிடம் விட்டுப்போன நாய்கள் பல எங்களிடம் வந்தன. சொல் கேட்காத நாய் என்று புகார். அது இங்கிலீஷ் நாய், அவ்வளவுதான்.

பிலிமத்தலாவையிலிருந்து மிளகு வியாபாரி ஒருவர் வந்ததும் நினைவிருக்கிறது. களஞ்சியக் காவலுக்கு நாய் வைத்திருந்தார், அது அவரையே கண்டு உறுமியது. "எங்கட மார்க்கத்துல நாய் வாய் வெச்சா ஏழு தரம் கழுவோணும், அதுல ஒருதரம் மண் கரைச்சு. தடவிக் குடுக்கச் சொல்லாதீங்க நோனா, அது ஏலாது" என்று முதலிலேயே சொல்லிவிட்டார். நோனாவுக்கு அந்த ஒளிவு மறைவில்லாத பேச்சு மிகவும் பிடித்துப் போனது. தொடாமலே பழக்கினோம். எறிகிற மாசி, சொல்கிற சொல், இரண்டே இரண்டு. கடைசியில் அந்த மனிதர் கதிரையில் உட்கார்ந்து குரலை மட்டும் தாழ்த்துவார், நாய் வந்து கால் பெருவிரலுக்கு ஒரு சாண் தள்ளிப் படுக்கும். ஒரு சாணுக்கு மேல் ஒரு விரல்கூட நெருங்காது. தடவித் தடவி வளர்த்த எத்தனையோ நாயிடம் அந்த மரியாதையை நான் பார்த்ததில்லை.

எங்கள் வேலையில் கஷ்டமான பாடம் கடைசிப் பாடம். அது எங்களுக்கு. நாய் எங்களிடம் பழகிவிடும், எங்கள் காலடி கேட்டால் எழுந்து நிற்கும். அந்த அன்பைப் பிடுங்கிச் சொந்தக்காரர் கையில் கொடுக்க வேண்டும். கடைசிக் கிழமையில் சோற்றை அவர்தான் வைப்பார். நாய் என்னைத் திரும்பிப் பார்க்கும்போது நான் மரத்தைப் பார்க்க வேண்டும். வீடு போன பிறகு அந்தத் தெருப்பக்கமே நாங்கள் போகக் கூடாது. நோனாவின் கட்டளை அது. என்னை மறக்கும்படி நானே எத்தனை நாய்களைப் பழக்கியிருக்கிறேன். அவை மறந்திருக்கும். எனக்கு யாரும் அந்தப் பாடத்தைச் சொல்லித் தரவில்லை. இந்த வயதிலும் எங்கேயாவது சங்கிலி குலுங்கினால் திரும்பிப் பார்க்கிறேன்.

சிப்பாய் என்ற நாய் எங்களிடம் வந்தது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் தொடக்கத்தில். ஹேவாஹெட்டத் தோட்டமொன்றின் ஓரத்தில், சிங்களக் கிராமத்தை ஒட்டி, ஒரு துண்டு நிலத்தில் பாக்கியம் என்ற அம்மாள் தனியாக இருந்தார். புருஷன் இல்லை. கிராமத்து வீடுகளுக்கு நெல் அவித்துக் காயவைத்துக் கொடுத்துப் பிழைத்தார். ஒரே மகன் வேலு மலாயாவுக்குப் போயிருந்தான். போகும்போது தாயிடம் விட்டுப்போனது அந்தச் செம்மறை நாயை. முதலில் கடுதாசி வந்தது, பிறகு நின்றுபோனது.

கயிற்று முனையில் நாயைப் பிடித்துக்கொண்டு அவர் எங்கள் கேற்றடியில் நின்ற காலை எனக்கு நல்ல ஞாபகம். தோட்டத்துக் கிளாக்கர் அனுப்பியிருந்தார். சிப்பாய் ஆட்களைக் கடிக்கிறது என்பது முறைப்பாடு. கடிபட்டவர்களில் தபால்காரரும் ஒருவர். அதனால் அவர் மேலே ஏறி வருவதை நிறுத்திவிட்டார். வேலுவிடமிருந்து கடுதாசி வந்தால் யார் கொண்டுவந்து தருவார்கள் என்பதுதான் அந்தத் தாயின் முதல் கவலை. வேடிக்கை என்னவென்றால், ஒருநாள் தபால்காரர் கையை நக்கும் நாய் இன்னொரு நாள் அதே மனிதரின் காலைப் பிடிக்கும். கள்ள நாய் என்றார்கள் சிலர். பேய் பிடித்தது என்று நூல் கட்டிவிட்டார்கள் சிலர்.

"அது கெட்ட நாயி இல்லைங்க தம்பி" என்றார் பாக்கியம். எல்லாரும் சொல்வதுதான்.

ஒரு மாதம் சிப்பாய் எங்களோடு இருந்தது. ஒரு குறை காணவில்லை. அந்நியர் வந்தால் வாலாட்டியது, கோழியைக் கண்டால் தலையைத் திருப்பிக்கொண்டது, சொல்வதற்கு முன்னால் உட்கார்ந்தது. எனக்கு அதன் மேல் ஒரு தனிப் பிரியம் விழுந்துவிட்டது. வாவியைப் பார்க்கிற திண்டில் என் பக்கத்தில் வந்து உட்காரும். ஆனால் சாய்ந்து உட்காராது. கீழே போகிற சாலையையே பார்த்துக்கொண்டிருக்கும். நடந்து போகிற வாலிபன் ஒவ்வொருவனையும் வளைவு வரை கண்ணால் கொண்டுபோய் விட்டுவிட்டு அடுத்தவனைத் தேடும். அது யாரைத் தேடியது என்று எனக்குத் தெரியும். என்னைப் பார்க்காதா என்று ஏங்கினேன் என்றால் சிரிப்பீர்கள், சிரியுங்கள்.

நல்ல நாய் என்று திருப்பி அனுப்பினோம். மறு கிழமையே தபால்காரரை மறுபடியும் கடித்தது. கடிதம் கொடுக்க அல்ல, நாய் திருந்திவிட்டது என்று கேள்விப்பட்டு நலம் விசாரிக்க வந்த மனிதர் அவர். ஊர்த் தலைவரான ஆரச்சி வந்து, இன்னொருவர் மேல் பல் பட்டால் துவக்கோடு வந்து சுட்டுவிடுவேன், அப்போது அழக் கூடாது என்று சொல்லிவிட்டுப் போனார். அவரைக் குறை சொல்ல முடியாது, ஊரில் குழந்தைகள் இருந்தார்கள்.

செய்தி கேட்டு நோனா தலையில் தொப்பியை வைத்தார். "நாயப் பாத்தது போதும் சவரி. இனி வீட்டப் பாப்போம்."

பஸ்ஸில் தலாத்துஓயா தாண்டிப் போய், மிச்சத்தை நடந்தோம். நோனா வீட்டுத் தாழ்வாரத்தில் ஒரு தேயிலைப் பெட்டியைக் கவிழ்த்துப்போட்டு உட்கார்ந்தார். பாக்கியத்திடம், நாங்கள் இல்லை என்று நினைத்துக்கொண்டு அன்றாட வேலையைச் செய்யச் சொன்னார். என் கால்களில் முழங்கால் வரை சாக்கைச் சுற்றிக் கட்டி, நீதான் தபால்காரர், வந்து வந்து போ என்றார். எங்கள் வேலையில் கிடைக்கும் உத்தியோகங்கள் இப்படித்தான்.

வந்தேன், சிப்பாய் வாலாட்டியது. போனேன், வந்தேன், மறுபடி வாலாட்டியது. வெயில் ஏறியதும் பாக்கியம் அவித்த நெல்லைப் பாயில் பரப்பினார். நான் முற்றத்துக்குள் மறுபடியும் கால் வைத்தேன். அந்த நேரம் பார்த்து அடுத்த வளவுக் கோழிகள் நெல்லுக்கு வந்தன. பாக்கியம் கையை வீசினார். சிப்பாயின் காது நிமிர்ந்ததை நான் பார்த்தேன், அது வந்ததைப் பார்க்கவில்லை. சாக்கின் மேல் பல் இறுகியிருந்தது. குலைக்கவில்லை, உறுமவில்லை. பிடித்த பிடியோடு கண்ணை மட்டும் திருப்பிப் பாக்கியத்தைப் பார்த்தது. அதன் வால் ஆடிக்கொண்டிருந்தது.

நோனா இருந்த இடத்தை விட்டு அசையவில்லை. "அம்மா, இப்ப என்னா சொன்னீங்க?"

"நான் ஒண்ணும் சொல்லலைங்களே."

"கோழிக்கு."

பாக்கியம் யோசித்தார். தான் எதையாவது சொன்னோம் என்றே அவருக்கு நினைவில்லை. மறுபடியும் கையை வீசிப் பார்த்தார், வாய் தானாக வந்தது. "சூ."

சாக்கில் பல் இன்னும் ஆழமாக இறங்கியது.

தமிழ் வீடுகளில் இந்த ஒரு சத்தத்துக்கு இரண்டு வேலை. காக்கை, கோழியை விரட்டவும் சூ, நாயை ஒருவர் மேல் ஏவிவிடவும் சூ. பிறந்த நாளிலிருந்து இரண்டையும் கேட்டு வளர்ந்த எனக்கு அது தோன்றவில்லை, பாக்கியத்துக்கும் தோன்றவில்லை. அவர் பாயடியிலேயே உட்கார்ந்துவிட்டார். மெல்ல மெல்லச் சொன்னார். வேலு ஏலக்காய்த் தோட்டமொன்றில் காவல் இருந்தவன். குட்டியிலிருந்தே சிப்பாயைக் கூட்டிப்போய்ப் பழக்கினான். கோழியைத் தொடாதே, ஆட்டைத் தொடாதே, நான் சூ என்றால் முன்னால் நிற்கிற ஆளின் காலைப் பிடி, விடச் சொல்லும் வரை விடாதே. நெல் காய்கிற நாளில் யாராவது முற்றத்துக்கு வந்தால் தாய் வாயிலிருந்து மகனின் கட்டளை புறப்பட்டது. நாய் செய்தது. மெச்சுவார்கள் என்று திரும்பிப் பார்த்தது. அடிதான் விழுந்தது.

என் காலை விடுவித்து நோனாவே அதற்கு மாசி கொடுத்தார். அவர் கண் கலங்கி நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். "இது கடிக்கல சவரி. வேல செஞ்சிருக்கு."

பிறகு வழக்கம்போல் காரியத்துக்கு வந்தார். சொல்லின் பொருளை மாற்றிவிடலாம் என்றார். சூ என்று சொல்வது, உடனே மாசி போடுவது. சூ என்றால் ஓடிவந்து உட்கார வேண்டும் என்று நாய் விளங்கிக்கொள்ளும். சிப்பாயின் புத்திக்கு அது பெரிய வேலையே இல்லை. நான் பையில் கைவிட்டு மாசியை எடுத்தேன்.

"வேணாங்க" என்றார் பாக்கியம்.

ஆரச்சி சொன்னதை நான் நினைவூட்டினேன். அவருக்குத் தெரியாததல்ல. நாயின் கழுத்தைக் கட்டிக்கொண்டு அவர் பேசியதை அப்படியே எழுதுகிறேன்.

"நாளைக்கு அவன் வந்து நிப்பான். இதக் கூப்புட்டு சூன்னு சொல்லிப் பாப்பான். இது போயி வாலாட்டிக்கிட்டுக் குந்திக்கிட்டா அவன் என்னா நெனப்பான் நோனாம்மா? ஆத்தா நம்மள மறக்கடிச்சிட்டான்னு நெனைக்க மாட்டானா? உடுப்பு, மம்பட்டி எல்லாம் மக்கிப் போச்சு. அவன் பேச்சு இதுகிட்டதான் இருக்கு. அத அழிச்சிராதீங்க."

யாராவது மறுத்துப் பேசினால் நோனா இரண்டு மடங்கு பேசுவார்.  அன்றைக்குத் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். பிறகு, "அப்ப நாய்க்குப் பாடம் இல்ல. உங்களுக்குத்தான்" என்றார்.

ஐம்பது வருஷமாக ஒரு நாக்கில் ஊறிய சத்தத்தை எடுப்பது என்றால் என்னவென்று அப்போதுதான் அறிந்தேன். நாய்க்கு வாய்க்கூடு மாட்டி வேலியோரம் கட்டுவேன். பாக்கியம் நெல்லடியில் நிற்பார். கோழி வந்தால் கை தட்ட வேண்டும், வாய் திறக்கக் கூடாது. தட்டினால் அதே நொடியில் நான் 'ஹரி' என்பேன், ஒரு வாய் வெற்றிலை மடித்துக் கொடுப்பேன். சூ என்றுவிட்டால் ஒன்றும் சொல்லமாட்டேன், மரத்தைப் பார்ப்பேன். ஏசக் கூடாது என்பது நாய்க்கு மட்டும் உள்ள சட்டம் அல்ல என்று நோனா சொல்லியனுப்பியிருந்தார். கிழமைக்குக் கிழமை பஸ் ஏறிப் போனேன். தட்டுவதற்கு முன்னால் வாய் முந்தும். தட்டிக்கொண்டே சூ என்பார். வாயில் வெற்றிலையை அடக்கிக்கொண்டு பார்த்தார், வெற்றிலையோடும் சூ வந்தது. அழுதார், சிரித்தார். கோழியைக் கண்டு கை தட்டுகிற பைத்தியம் என்று கிராமத்தில் பேசிக்கொண்டார்கள். தூக்கத்தில்கூட உதட்டைக் கடித்துக்கொள்வதாகச் சொன்னார்.

பிழைப்பு நெல்லில், கோழி ஊரில், தவறினால் துவக்கு. இப்படி ஒரு மாணவி அதற்குப் பிறகு எனக்குக் கிடைக்கவில்லை.

கடைசியில் தபால்காரரைக் கெஞ்சிக் கூட்டிவந்தோம். ஆரச்சியும் வந்து வேலிக்கு வெளியே நின்றார். வாய்க்கூட்டை நான் கழற்றினேன். நெல் காய்ந்துகொண்டிருந்தது. தபால்காரர் முற்றத்தின் நடுவுக்கு வந்தார். கோழிகளும் வந்தன, எங்களுக்காகவே சொல்லிவைத்தாற்போல் கூட்டமாக. பாக்கியத்தின் கை எழுந்தது, உதடு குவிந்தது.  கை தட்டுகிற சத்தம் கேட்டது. கோழிகள் பறந்தன. சிப்பாய் படுத்த இடத்திலிருந்து ஒரு காதை மட்டும் தூக்கிவிட்டு மறுபடியும் கண்ணை மூடியது.

"ஹரி" என்றார் ஆரச்சி, அவர் பாஷையில், அவர் பாட்டுக்கு. அதைவிடச் சரியான நொடியில் நான்கூட அந்தச் சொல்லைச் சொன்னதில்லை.

பாக்கியம் நாயைப் பார்க்கவில்லை. தபால்காரரின் பையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த மனிதர் தலையைக் குனிந்துகொண்டு, கடுதாசி ஒன்றும் இல்லையம்மா, இவர்கள் கூப்பிட்டதால் வந்தேன் என்றார். இனி வந்தால் மேலேயே கொண்டுவந்து தருவேன் என்றும் சொன்னார்.

அதன் பிறகு கட்டளைப்படி நான் அந்தப் பக்கம் போகவில்லை. சிப்பாய் யாரையும் கடிக்காமல் கிழடாகி, பாயோரத்தில் தூக்கத்திலேயே செத்தது என்று தோட்டத்துக் கிளாக்கர் வந்து சொன்னார். முப்பதுகளின் கடைசி அது. நோனாவும் நோயில் விழுந்திருந்தார், கூடுகள் ஒவ்வொன்றாகக் காலியாகிக்கொண்டிருந்தன. இனி என்னைப் பார்த்து எந்த நாய் மனம் மாறப் போகிறது என்று நினைத்து, ஒருநாள் பஸ் ஏறினேன்.

பாக்கியம் நெல்லடியில்தான் இருந்தார். தலை முழுக்க நரைத்திருந்தது. எனக்குத் தேநீர் தந்தார், நோனாவின் சுகத்தைக் கேட்டார்.  பேசிக்கொண்டிருக்கும்போதே கோழிகள் வந்தன. அவர் எழுந்து போய்க் கை தட்டினார். விரல்கள் கோணிப்போயிருந்தன, சத்தம் சரியாக எழவில்லை. கோழிகள் அசையவில்லை. மறுபடி மறுபடி தட்டினார்.

எனக்குப் பொறுக்கவில்லை. "அக்கா, நாய்தான் இல்லையே. இனி வாயாலேயே விரட்டலாமே."

அவர் தட்டுவதை நிறுத்தவில்லை.

"அது அவன் சொல்லு தம்பி. அவன் வந்து சொல்லட்டும்."

நான் தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு எழுந்துபோய், அவர் பக்கத்தில் நின்று கை தட்டினேன்.